நூறாவது ஆள்

"ஜூன் 8, சனி. இன்று ஒரு தவறு செய்தேன். ஒருவரை இரண்டு முறை எண்ணிவிட்டேன்."

நாட்குறிப்பில் எழுதி முடித்த பிறகும், குதிரைப் பந்தய மைதானத்தின் வாசலில் ஆள் எண்ணும் குமாஸ்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றைய கூட்டம் சரியாக நூறு என்று கணக்குக் கொடுத்திருந்தான். நூற்றில் ஒன்று குறைந்தாலும் மைதானத்தை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் எல்லோர் பிழைப்பிலும் மண். சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

கால் பரபரக்க மாடியேறி, மேலாளரின் கதவைத் தட்டினான்.

"சார், தொண்ணூத்தொம்பதுதான். ஒருத்தர் தொப்பியக் கழட்டிட்டு மறுபடி வந்தாரு. மூஞ்சியப் பாக்காம எண்ணிட்டேன்."

"ஒருத்தரைத்தான் கண்டுபிடிச்சியா?" மேலாளர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஐந்து தொப்பிகளும் ஓர் ஒட்டுமீசையும் கிடந்தன. "நான் ஏழு தடவ வந்தேன். சீட்டு குடுக்கற அக்கா ஒம்போது. லாயத்து ஆளுங்க ஆளுக்கு மூணு."

"எண்ணிக்கைய நீங்களே கூட்டி எழுதிக்கலாமே சார்?"

"முதலாளி வீட்டுலருந்து கேமராவுல பாக்கறாரே! ஆள் நடந்து உள்ள போகணும்."

"அப்ப நெசமா பந்தயம் கட்ட வந்தவங்க?"

"ஏழு பேரு. குதிரை எட்டு ஓடுச்சு. போன்லயே கட்டிடறானுங்க தம்பி, வெயில்ல எவன் வருவான்? நாங்க எல்லாரும் கால் தேய நடக்கறோம். நீ ஒருத்தன்தான் வாசல்ல சொகுசா உக்காந்திருக்க!"

வீடு திரும்பியதும் நாட்குறிப்பை விரித்து, தவறை அடித்துவிட்டு எழுதினான்:

"நாளைய வேலை: அண்ணனின் மழைக்கோட்டையும் மாமாவின் கண்ணாடியையும் கேட்டு வாங்க வேண்டும். மூன்று முறை உள்ளே போக வேண்டும்."