கதவுக்குள் ஒரு சத்தம்

கதவு கடகடத்தது.

உள்பக்கத்துக்குப் புது ரெக்சின் போட்டுக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பழங்காலக் காரின் கதவைச் சாத்தினால் உள்ளே எதுவோ உருண்டது.

"வேலையா இது?" கார் முதலாளி தெருவுக்கே கேட்கக் கத்தினார். "எங்கப்பா காலத்து வண்டி! உள்ளே எதை விட்டுத் தொலைச்சே?"

குஷன்காரர் தைத்துக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் வேலையில சத்தம் வராது."

"வருதே!"

"வேற யாராவது கை வச்சிருப்பாங்க."

"என் வண்டியிலயா? எவன் கை வச்சாலும் அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். இதோ நிக்கிறானே டிரைவர், இவனுக்கே ஓட்டறதும் துடைக்கிறதும்தான் வேலை."

டிரைவர் தரையைப் பார்த்தார்.

குஷன்காரர் எழுந்தார். "பிரிச்சுக் காட்டறேன். என் சாமான் உள்ளே இருந்தா கடை போர்டைக் கழட்டிடறேன். இல்லேன்னா இத்தனை பேர் முன்னாடி நீங்க மன்னிப்புக் கேக்கணும். சம்மதமா?"

ஸ்கூட்டர் சீட்டு தைக்கக் காத்திருந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கைப்பிடியைக் கழற்றி, கிளிப்புகளை நெம்பி, கதவின் உள்அட்டையை விலக்கினார் குஷன்காரர். கையை விட்டுத் துழாவினார்.

ஒரு ஸ்க்ரூடிரைவர். பிடியில் மஞ்சள் டேப். அவருடையதில்லை.

ஜெயித்தாச்சு.

நிமிர்ந்தார். டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் கையிலிருந்த கார்ச் சாவியிலும் அதே மஞ்சள் டேப்.

"என்னய்யா அது? யாரோடது?"

குஷன்காரர் அதைச் சட்டைப்பையில் செருகினார். "என்னோடதுதான்."

"பார்த்தியா! வாய் மட்டும் வண்டி வண்டியா..." முதலாளிக்கு முகமெல்லாம் பல். "அப்போ போர்டு?"

"கழட்டறேன். முதல்ல கதவை மாட்டணும். தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

வெற்றிச் செய்தியை வீட்டுக்குச் சொல்லச் செல்போனோடு வெளியே போனார் முதலாளி.

குஷன்காரர் டிரைவர் பக்கம் திரும்பி அடிக்குரலில் சீறினார். "எதுக்குய்யா என் வேலையில கை வச்சே? உன்னால என் மானம் கப்பலேறிடுச்சு!"

டிரைவர் பையிலிருந்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நீளமான ஒரு ஸ்க்ரூ.

"கைப்பிடிக்கு இதைப் போட்டிருந்தீங்கண்ணே. அது உள்ளே முட்டிக்கிட்டு, கண்ணாடி இறங்கவே இல்ல. அவர் பார்த்தா உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார். அதான் அட்டையை விலக்கிப் பார்த்து, நானே குட்டையா ஒண்ணு மாத்தினேன். அவசரத்துல ஸ்க்ரூடிரைவர் உள்ளே நழுவிடுச்சு."

குஷன்காரர் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் டப்பா ஸ்க்ரூதான்.

அட்டையை மாட்டினார். கார் கிளம்பிப் போனது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மஞ்சள் டேப் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போர்டைக் கழற்றத் தொடங்கினார்.

"அட, நிஜமாவே கழட்டறீங்களா?" ஸ்கூட்டர்காரர் பதறி எழுந்தார். "அப்போ தப்பு உங்களுதுதானா?"

"ஆமா."

"அதான் சரி பண்ணிட்டீங்களே, விடுங்கண்ணே!"

"நான் எங்கய்யா பண்ணினேன்?" குஷன்காரர் வெடுக்கென்று சொன்னார். "பண்ணினது அந்த டிரைவர்."