பிடிப்பானை

"செல்லி! இங்க வாடி இப்படி!"

மாட்டுக் கொட்டாய் கூட்டிக்கொண்டிருந்த செல்லி, துடைப்பமும் கையுமாக ஓடி வந்தாள்.

"இந்தப் பானையைப் பாரு. அரைப் பானைதான் இருக்கு. மீதி எங்க?"

தெரசம்மாவுக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. விடிந்தால் கிறிஸ்துமஸ். பொழுது சாய்ந்ததும் கோயில் மணி அடித்துவிடும். மத்திகிரியில் வேதக்கார வீட்டுப் பெண்கள் எல்லாரும் பிடிப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க் குடில் முன்னால் இறக்குவார்கள். ஒரு மாசமாகக் களி கிண்டும்போதெல்லாம் பிடி பிடியாக எடுத்துச் சேர்த்த ராகி மாவு. சாப்பாடு இல்லாதவர்களுக்குப் போகும். போன வருசம் தெரசம்மா பானைதான் கோபுரமாக இருந்தது.

பிடி மாவைப் போடுகிற வேலை மகள் பிலோமிக்கு. ஆறு வயசு. குடுக்கிற பழக்கம் இப்பவே வரட்டும் என்று தெரசம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"பானை மேல இருக்கற துணியைத் தூக்கி, மாவைப் போட்டுட்டு வந்துடணும். எவ்ளோ இருக்குன்னு எட்டிப் பாக்கக் கூடாது. யாருக்குக் குடுத்தோம்னு வாயைத் திறக்கக் கூடாது."

தெரசம்மாவும் எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் துணியை விலக்கினாள்.

மழை இல்லாத வருசம். புருசன் இன்னாசிக்கும் பிள்ளைகளுக்கும் களி போட்ட பிறகு, சட்டியில் ஒட்டினதுதான் அவளுக்கு. அப்படியும் பிடியை நிறுத்தவில்லை. நடுவில் சில நாள் அவளுக்கும் ஓர் உருண்டை மிஞ்சியது. 'சந்தையில வாங்கின ராகி நல்லாக் களி காணுது' என்று நினைத்துக்கொண்டாள்.

"கேக்கறேன் இல்ல? உன்னை விட்டா இந்தப் பக்கம் வர்றது யாரு?"

"நல்லாருக்குதே! உங்க மாவைத் தின்னவ மாதிரியா இருக்கறேன்? என் இடுப்பைப் பாரும்மா, உன் வளையலை மாட்டலாம்!"

சொல்லிக்கொண்டே வந்த செல்லி, கதவோரம் பாவாடையைக் கடித்தபடி நின்ற பிலோமியைப் பார்த்தாள்.

"சரிம்மா. நான்தான்னே வெச்சுக்க."

"அப்ப நீதானா? நாளையிலிருந்து இந்த வாசப்படி மிதிக்காதே!"

துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் செல்லி போனாள்.

தெரசம்மா உள்ளே ஓடினாள், வெளியே ஓடினாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டு மாவை வழித்துக் கொட்டினாலும் பானை நிரம்பாது. ஊர் என்ன பேசும்?

"அம்மா…" பிலோமிக்கு உதடு பிதுங்கியது. "செல்லியக்கா எடுக்கல."

"அவளே ஒத்துக்கிட்டா. நீ என்னாத்துக்கு நடுவுல?"

"அவங்க பாத்துட்டாங்க. சொல்லாதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கனேன்."

"என்னாத்தப் பாத்தா?"

"ஒரு நாள் பானையில போட்டேன். ஒரு நாள் நீ அடுப்பு ஊதும்போது, நாம களி கிண்டற மொறத்து மாவுலயே திரும்பப் போட்டேன்."

தெரசம்மா கையை ஓங்கிவிட்டாள். "ஏண்டி, சாப்பாடு இல்லாதவங்களுக்குன்னு சொல்லித்தானே உங்கிட்ட குடுத்தேன்?"

"அவங்களுக்குத்தாம்மா போட்டேன். நம்ம வீட்ல நீ மட்டுந்தானே சட்டியைச் சொரண்டிட்டுத் தண்ணி குடிக்கற?"

ஓங்கின கை அப்படியே நின்றது.

கோயில் மணி அடித்தது. தெருவெல்லாம் பானைகள் கிளம்பின. தெரசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அரைப் பானையைத் தூக்கித் தலையில் வைத்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள்.

"அம்மா, கோயில் அந்தப் பக்கம்! இது செல்லியக்கா வீட்டுக்குப் போற வழி!"

"யாருக்குக் குடுக்கறோம்னு வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன் இல்ல? பேசாம வா."