நீள்வட்டம் இல்லை

"தப்பு," என்றார் பேராசிரியர் விதோமிர்.

கரும்பலகை முன் நின்ற மாணவன் ரெல்யா திகைத்துப்போனான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவி ஆசிரியை கோசராவும்தான்.

1991 அக்டோபர். நோவி சாத் நகரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. வாய்மொழித் தேர்வு. ரெல்யா எடுத்த சீட்டில் இருந்த சமன்பாடு: 5x² + 4xy + 8y² = 36. இது என்ன வளைவு?

"சார், xy-க்கு முன்னால நாலு. அதோட வர்க்கம் பதினாறு. அதுல நாலு, அஞ்சு, எட்டு மூணையும் பெருக்கி நூத்தறுபதைக் கழிச்சா மைனஸ்ல வருது. மைனஸ் வந்தா நீள்வட்டம். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"அதிபரவளையம். ஜனவரியில வா."

"போன மாசமும் இப்படித்தான் அனுப்பினீங்க! இந்த ஒரு பரீட்சைதான் சார் பாக்கி. இன்னிக்குத் தேறிடுவேன்னு விருந்துக்கு ஆட்டுக்குட்டிகூட வாங்கிட்டார் அப்பா."

"இன்னும் கொஞ்ச நாள் மேயட்டும்."

சுண்ணக்கட்டியைத் தரையில் வீசிவிட்டு ரெல்யா வெளியேறினான். "கிழவனுக்கு மூளை குழம்பிப்போச்சுடா!" என்று அவன் கத்தியது உள்ளே நன்றாகவே கேட்டது.

கோசரா எழுந்து கதவைச் சாத்தினாள். ஒரு குறி மாறினாலும் பொறுக்காத மனிதர் இவர். இவரா இப்படி?

"சார், அது நீள்வட்டம்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா? ஒரு பையன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட எப்படி சார் மனசு வந்தது? நான் முதல்வர்கிட்டச் சொல்லத்தான் போறேன்."

"சொல்லும்மா." அவர் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். "ஜூன் மாசம் ஒருத்தனுக்குப் பத்துக்குப் பத்து போட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"லாசர்…" கோசராவின் குரல் இறங்கிவிட்டது. எல்லைக்கு அப்பால் நடக்கும் போரிலிருந்து அவன் உடல் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"நல்லாப் படிச்சான், பாஸ் போட்டேன். பட்டம் கையில வந்த உடனே பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க."

விதோமிர் திரும்பாமலே சொன்னார்:

"ஃபெயிலாகி இன்னும் படிச்சிட்டிருக்கிற பையனைத்தாம்மா அவங்க கூப்பிடறதில்ல."