ஒரு டம்ளருக்கு மட்டும்

இப்போதெல்லாம் சரக்கை யாரும் காட்டுவதில்லை, ஆளைத்தான் காட்டுகிறார்கள். மைசூர் தேவராஜ மொஹல்லாவின் அந்தச் சத்துப் பவுடர் கடை வாசலிலும் சட்டையில்லாத ஒருவன் புஜத்தை முறுக்கிக்கொண்டு ஆளுயரப் படமாக நின்றான். "ஒடம்பக் காட்டி விக்கறானுக. வெக்கங்கெட்ட பொழப்பு" என்று முனகிக்கொண்டே ரத்தினசாமி உள்ளே நுழைந்தார்.

மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார். கக்கத்தில் இருந்த வாழை இலைக்கட்டைக் கிழியாமல் மேஜைமேல் கிடத்தினார்.

"என்ன வேணும் அஜ்ஜா?" கடையில் இருந்த சோனியா மைசூரிலேயே பிறந்தவள். தமிழ் பேசினாலும் தாத்தா என்று வாயில் வராது.

"ஓடற புள்ளைக்குக் குடுக்கற பவுடரு. சாக்லேட்டு வாசம் வரோணும்."

"ஓ, அமினோ ஆசிட்டா?"

"ஆசிட்டா? கக்கூஸ் கழுவறதயா எம் புள்ளைக்குக் குடுக்கச் சொல்ற?"

அவள் சிரித்துவிட்டாள். "அது வேற அஜ்ஜா. பருப்பு, முட்டை தின்னா உடம்புக்குள்ள போய் இதாத்தான் ஆகுது. ஓடி அலுத்த தசை தேறணும்ல, அதுக்கு."

"அப்பப் பருப்பயே தின்னுட்டுப் போறது."

"ஹௌது, ஆமா. நேராச் சொல்லணும்னா, ஒழுங்காச் சாப்பிடறவங்களுக்கு இது பெருசா ஒண்ணும் செய்யாது."

விற்கிறவளே வேண்டாம் என்கிறாளே, இதில் என்ன சூது என்று அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இதையேதான் நானும் அவகிட்டச் சொன்னேன். கேட்டாளா? இதுதான் வேணும்னு ஒரே அழும்பு."

"மகளா?"

"ஆமா. தாரணி. நானூறு மீட்டர்." அதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்தார்.

"எப்ப வேணும்?"

"நாளைக்கு."

தசரா போட்டிகள் நெருங்கிவிட்டன. சோனியாவுக்குக் கேட்க வேறொன்றும் இல்லை. பெரிய டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இது எதுக்கு? ஒரு டம்ளருக்கு ஆனாப் போதும்."

"ஒரு நாள் குடிச்சா என்ன வரும் அஜ்ஜா? தினமும் குடிக்கணும்."

"ஒரு டம்ளர்னு சொன்னேன்."

சின்னப் பாக்கெட் ஒன்றை நீட்டினாள். காதருகே வைத்துக் குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உள்ளயும் சாக்லேட்டுதானா, இல்ல படம் மட்டுந்தானா? வேற வாசம்னா அவ தொடமாட்டா."

அதே ருசியில் திறந்திருந்த டப்பா ஒன்றைச் சோனியா அவர் முகத்தருகே கொண்டுபோனாள். மோந்தவர் சட்டென்று முகத்தை விலக்கவில்லை.

"எனக்கு இதுல நம்பிக்கையில்ல" என்றார். "குடு."

பாக்கெட்டைச் சட்டைப்பைக்குள் வைத்து, இலைக்கட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"அஜ்ஜா! ஓடி முடிச்சதும் தண்ணில கலக்கிக் குடுங்க. மிச்சம் வைக்காமக் குடிச்சாளான்னு பாத்துக்குங்க!"

அவர் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"நாளைக்கு அமாவாசை, அம்மிணி. படையல்ல வெக்கறத அவ குடிச்சாளா இல்லையான்னு எவங் கண்டான்?"