ஆவுடையப்பனின் வலது முட்டி

மனிதகுலம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஆவுடையப்பன், பஞ்சாங்கச் செயலி நீட்டிய நிபந்தனைகளை நாற்பத்தோரு பக்கமும் படித்துவிட்டார். ராகுகாலம் சொல்கிறவனுக்கு வீட்டுப் பேச்சைக் கேட்கவும் தெரிந்தவர்கள் நம்பரை எடுக்கவும் அனுமதி எதற்கு என்று கொதித்து, ‘மறுக்கிறேன்’ என்பதை விரல் நோக அமுக்கினார். உடனே போனில் ஒரு பெண் அழைத்தாள்.

“ஆவுடையப்பன் சார், வலது முட்டி இப்ப எப்படி இருக்கு? தைலம் அனுப்பட்டுமா?”

“என் முட்டிய ஒனக்கு யாரும்மா எழுதிக் குடுத்தது?”

“ஒங்க வீட்டம்மா சம்மதிச்சிருக்காங்க சார்.”

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “என் போன்ல அந்தப் பஞ்சாங்கம் எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கச் சொல்லிச்சு, அமுக்கிட்டேன். ஒங்கள மாதிரி வாசிச்சிக்கிட்டிருந்தா நல்ல நேரம் போயிருமே.”

மறுநாள் தைலம் வந்தது. முட்டி வலித்ததால் தேய்த்துக்கொண்டார்.