இணைப்பு விழா

பஞ்சாட்சரம் இடது கால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் தெருவில் இறங்கினார். இன்றைக்குப் பூட்டுக்கட்சிக் கவுன்சிலர் சுயம்புலிங்கத்தின் கன்னம் பழுத்துவிடும் என்று டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸை வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்கள்.

மயிலாப்பூரில் அந்தக் கால்வாயோரத் தெருவைப் பொறுத்தவரை குடைக்கட்சி என்றால் பஞ்சாட்சரம்தான். இருபத்தேழு வருஷமாகக் கொடி கட்டியவர். நாளைக் காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தில் கவுன்சிலர் சீட்டுக்கு நேர்காணல். அதற்கென்று இஸ்திரி போட்ட சட்டை ஹேங்கரில் தொங்குவதுகூடத் தெருவுக்கே தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அதே தெருப் பாஞ்சாலி போன் செய்தாள். "ண்ணா, சீக்கிரம் வா! நம்ம தெரு பொம்பளைங்க மொத்த பேரையும் பூட்டுக்கட்சில சேத்துக்கினு கீறாங்க!"

தெருமுனையில் காலையில்தான் கொண்டுவந்து இறக்கிய புது பைப்புகள் வழியை அடைத்துக் கிடந்தன. எவன் வீட்டுக்கு, எதற்கு என்று கேட்க அவருக்கு ஏது நேரம்? தாண்டிக் குதித்துப் பந்தலுக்குள் புகுந்தார். பின்னால் வந்த டீக்கடைக் கூட்டம் பைப்புகளுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது.

'குடைக்கட்சியிலிருந்து விலகிப் பூட்டுக்கட்சியில் இணையும் விழா' என்று பேனர். கீழே நாற்காலிகளில் ஐம்பது பெண்கள். ஒவ்வொரு முகமும் அவர் தெரு முகம். முதல் வரிசையில் பாஞ்சாலி.

"இன்னாமே, என்னைக் கூப்ட்டுட்டு நீ இங்க ஜம்முனு குந்திகினு கீற? உனுக்கு ரேஷன் கார்டு யாரு வாங்கிக் குடுத்தது?"

"நீதாண்ணா. மூணு மாசமா கொழாயில சாக்கட வருதே, அதுக்கு யாருண்ணா?"

"அதுக்குத்தான் வந்து போட்டோ எடுத்தனே!"

பொய் சொல்லக்கூடாது, எடுத்தார். போன மாதம் போட்டோகிராபரோடு வந்து பெண்களைக் குடத்தோடு வரிசையாக நிற்க வைத்தார். குழந்தைக்கு ரெண்டு நாளாக வாந்தி என்று பாஞ்சாலி ஆரம்பித்தபோது, "தே, பேசாத. போட்டோவுல சத்தம் வராது. கொடத்தத் தூக்கிப் புடி" என்று அடக்கினார்.

'மக்களின் காவலர்' என்று தலைப்புப் போட்டு அந்தப் படம் கட்சி குரூப்பெல்லாம் சுற்றி வந்தது. நிறைய பேர் கைகூப்பினார்கள், சிலர் ரோஜாப்பூ அனுப்பினார்கள். குழாயில் மட்டும் அதே கறுப்புத் தண்ணீர்.

"வழிய வுடு" என்று அவர் மேடைப் படியில் கால் வைத்தார். பாஞ்சாலி குறுக்கே வந்தாள்.

"ண்ணா, மேல வெளக்கு ஏத்தி வச்சிகீறாங்கோ. செருப்போட ஏறாத."

எதிரி மேடையானாலும் விளக்கு விளக்குதானே. பஞ்சாட்சரம் இரண்டு செருப்பையும் அவளிடம் கொடுத்தார். "செருப்பு இல்லாட்டி இன்னா, கை கீதுல்ல?"

நான்கே எட்டில் மேடையேறிவிட்டார்.

"டேய் சுயம்பு! அஞ்சு வருசமா கவுன்சிலர் சீட்டுல குந்திகினு ஒரு கொழா மாத்தத் துப்பில்ல, என் தெருவுல பூந்து ஆள் புடிக்கிறியா? தூ! நீயெல்லாம் ஒரு மனுசன்!"

சுயம்புலிங்கம் ஒரு கும்பிடு போட்டார், ஈயென்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பஞ்சாட்சரத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஓங்கினார் பாருங்கள் கையை!

அடி விழவில்லை. சுயம்புலிங்கம் அந்த மணிக்கட்டை அப்படியே பிடித்துத் தன் கையோடு சேர்த்து உயரத் தூக்கினார். மறு கையால் ஒரு ஜரிகைப் பொன்னாடையை அவர் தோளில் போட்டார். தாரை தப்பட்டை அதிர்ந்தது. கேமரா பளிச் பளிச்சென்று மின்னியது.

"வுடுறா! வுடுறா என்னை!" என்று கத்தினார் பஞ்சாட்சரம். தப்பட்டையை மீறிப் பக்கத்தில் நின்றவனுக்கே அது கேட்கவில்லை.

தப்பட்டை ஓய்ந்ததும் சுயம்புலிங்கம் மேடையிலிருந்து குனிந்து, "பாஞ்சாலி, சொன்னபடி ஆளக் கொண்டாந்துட்ட. நாளைக்கே பைப்ப மாட்டிருவாங்க" என்றார்.

அப்போதுதான் பஞ்சாட்சரத்துக்குத் தெருமுனைப் பைப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. அதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. தலைமை அலுவலகம்.

"யோவ், படம் இங்க வந்து சேந்தாச்சு. வெறுங்காலோட நிக்கிற, பொன்னாடை போத்திருக்க, அவன் கையும் உன் கையும் ஒண்ணா மேல நிக்குது. வாயப் பொளந்து வாழ்க வேற சொல்ற. நாளைக்கு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத."

"ஐயா, நா அடிக்கப் போனேங்க! கண்டபடி திட்னேங்க! ஐம்பது பேரு கேட்டுகினு இருந்தாங்க!"

"கேட்டவங்க யாராவது இருந்தா பேசச் சொல்லு."

பஞ்சாட்சரம் மேடையிலிருந்து குதித்து ஓடினார். போனைப் பாஞ்சாலியின் வாயருகே நீட்டினார்.

"பாஞ்சாலி, நீ கேட்டல்ல? நா அவன இன்னா இன்னா திட்னேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. என் சீட்டு உன் கைல கீது."

பாஞ்சாலி குனிந்து இரண்டு செருப்பையும் அவர் காலடியில் ஜோடியாக வைத்தாள். பிறகு நிமிர்ந்து, போனைக் கையால் மெல்ல ஒதுக்கினாள்.

"போட்டோவுல சத்தம் வராதுன்னு நீதானண்ணா சொன்ன?"