குழாய் டிரைவர்

"போச்சு. குழாய் திறந்தாச்சு," என்றார் ஜன்னலோரக்காரர்.

பேருந்து வழக்கம்போல் பெட்ரோல் பங்கில் ஒதுங்கி நின்றது. மணி ஒன்பது பத்து. டிரைவருக்குக் 'குழாய்' என்று பெயர் வைத்ததே அந்த ஜன்னலோரக்காரர்தான்.

"பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க. சர்க்கரை வியாதிக்காரன், அடக்க முடியல," என்று சொல்லிக்கொண்டே டிரைவர் இறங்கினார்.

"அதெப்படி, தினமும் இதே இடத்துலதான் முட்டுமா உங்களுக்கு?" வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி இரைந்தார் கண்டக்டர். "இத்தனை பேரு வேலைக்குப் போக வேண்டாமா? இருங்க, நான் போய் இழுத்துட்டு வரேன்."

தோள்பையோடு அவரும் பின்னாலேயே போனார்.

மூன்றாவது வரிசையில் இருந்த அறிவியல் டீச்சருக்கு அந்தக் கண்டக்டரை ரொம்பப் பிடிக்கும். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க ஓர் ஆளாவது இருக்கிறாரே.

டீச்சருக்கு இந்த மாதம் ஒன்பது நாள் தாமதம். பத்தாவது விழுந்தால் எழுத்தில் விளக்கம் கேட்பேன் என்று தலைமை ஆசிரியர் சொல்லியாயிற்று. பொறுத்தார் பூமி ஆள்வாராம். பூமி கிடக்கட்டும், வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை விழாமல் இருந்தால் போதும்.

புகார் கடிதம் தயார். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இந்த டிரைவர் மேல் ஏற்கெனவே இரண்டு புகார் இருக்கிறது. மூன்றாவதும் போனால் வண்டியை விட்டே இறக்கிவிடுவார்களாம். இறக்கட்டுமே.

"கண்டக்டர் கையெழுத்தும் இருந்தா கெட்டியா இருக்கும் டீச்சர்," என்றார் ஜன்னலோரக்காரர்.

"இப்பவே வாங்கிட்டு வரேன்."

இன்றைக்கு விடுவதாயில்லை என்று டீச்சர் இறங்கி விறுவிறுவென்று நடந்தார்.

கழிப்பறை பங்கின் பின்பக்கம் இருந்தது. சுவரோரம் திரும்பப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். டிரைவர் உள்ளே போகவேயில்லை. சாத்திய கதவுக்கு முதுகைக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலும் சோப்புமாகக் காவல் நின்றுகொண்டிருந்தார்.

"அவசரப்படாதே தம்பி. குழாயை மெதுவா உள்ள விடு. போன வாரம் மாதிரி ரத்தம் வந்துடப் போகுது."

"ஆச்சுண்ணே," கண்டக்டரின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "அரை லிட்டர் மூத்திரம் இருக்கும்ணே. நிறைஞ்சிருக்குன்னு எனக்கு ஒரு துளி கூடத் தெரியல. மாடியிலேர்ந்து விழுந்து ஒரு வருஷமாச்சு, தண்டுவட நரம்பு இன்னும் முழிக்கவேயில்ல."

"முழிக்கிறப்ப முழிக்கட்டும். அதுவரைக்கும் கடிகாரம்தான் உனக்கு நரம்பு. நாலு மணி நேரம் தாண்டினா கிட்னிக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னதை மட்டும் மறந்துடாதே."

சிறுநீர்ப்பை நிறைந்தால் நரம்பு தண்டுவடம் வழியாக மூளைக்குச் சேதி சொல்லும். மூளை இடம் பார்த்து 'சரி' என்றால்தான் பையின் வாய் திறக்கும். இருபது வருஷமாக டீச்சர் கரும்பலகையில் படம் போட்டுப் பாகம் குறித்து வருகிறார். நடுவில் அந்தக் கோடு அறுந்தால் மனுஷன் என்ன ஆவான் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"டிப்போவுல உண்மையைச் சொல்லிடவாண்ணே? எத்தனை நாளைக்கு எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்குவீங்க?"

"சொன்னா வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மூணு புள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? எனக்குச் சர்க்கரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாலு பேச்சுதானே, இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டுப் போறேன்."

"உங்களைத் திட்டிட்டு எனக்குச் சாப்பாடே இறங்கலண்ணே."

"நீ திட்டுற வரைக்கும்தான் யாருக்கும் உன்மேல சந்தேகம் வராது. இன்னைக்குச் சுரத்தே இல்ல. நாளைக்கு இன்னும் பலமாத் திட்டணும்."

டீச்சர் கையிலிருந்த கடிதத்தை நாலாக மடித்தார். சத்தமில்லாமல் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். இன்றைக்குப் பத்தாவது தாமதம். விளக்கம்தானே, எழுதிக் கொடுத்தால் போயிற்று.

"கையெழுத்துப் போட்டாரா?" என்றார் ஜன்னலோரக்காரர்.

"புகார் என் பொறுப்பு. நீங்க யாரும் தனியா எழுத வேண்டாம்."

கடிதம் கைப்பைக்குள் போனது.

முதலில் டிரைவர் ஏறினார். ஒரு நிமிஷம் கழித்து, வெளிறிய முகத்தோடு கண்டக்டர் வந்தார்.

"இழுத்துட்டு வரப் போனவரு பின்னாடி வர்றாரே?" ஜன்னலோரக்காரர் கண்ணைச் சுருக்கினார். "உண்மையில போறது யாருய்யா, அவரா, நீரா?"

கண்டக்டர் தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் விருட்டென்று எழுந்தார்.

"ஏங்க டிரைவரே, உங்களுக்கு வெக்கமா இல்ல? உங்க ஒருத்தரால நாங்க எல்லாரும் தினம் தினம் பேச்சு வாங்கணுமா? அந்தக் கண்டக்டர் உங்க பின்னாடியே அலைஞ்சு முகம் வெளிறிப் போயிட்டாரு. நாளைக்கும் இங்க நிறுத்துங்க, அப்புறம் பேசிக்கறேன்."

ஜன்னலோரக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. சர்க்கரை," என்று முனகிவிட்டு டிரைவர் வண்டியை எடுத்தார்.

பள்ளிக்கூட நிறுத்தத்தில் டீச்சர் முன்வாசல் வழியாக இறங்கினார். இறங்கும்போது டிரைவர் பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நாளையிலேர்ந்து திட்டுறதை நான் பார்த்துக்கறேன். தம்பியை நிதானமாப் போயிட்டு வரச் சொல்லுங்க."